மீதிப் பதினொரு மாதங்கள்

வானொலி அறிவிப்பாளருக்குக் காலை ஆறு மணிக்குக் கையில் கிடைக்கும் தாளில் வழக்கமாக மூன்று தகவல்கள் இருக்கும்: நேரம், சாலை நிலவரம், வானிலை. எந்த நெடுஞ்சாலையில் விபத்து, எந்த ஊரில் மழை, எந்த டோல் சாவடியில் வாகனங்கள் தேங்கி நிற்கின்றன என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால் அந்தப் பகுதி முடிந்துவிடும். சில ஆண்டுகளில் மட்டும், ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில், அந்தத் தாளில் நான்காவதாக ஒன்று சேர்ந்துகொள்ளும். அதுதான் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. நம் பேச்சு வழக்கில் ஐபியு.

50 வரை இருந்தால் நல்ல காற்று. 100 வரை மிதமானது. 101-ஐத் தொட்டால் உடல்நலத்துக்குக் கேடு. 200-ஐத் தாண்டினால் மிகவும் கேடு. 300-ஐத் தாண்டினால் அபாயம். இந்த எண்களை வாசித்த பிறகு நாங்கள் சொல்லும் அறிவுரையும் ஏறக்குறைய ஒன்றுதான்: வெளியே போகாதீர்கள், ஜன்னல்களை மூடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், போக வேண்டியிருந்தால் முகக்கவரி அணியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அவை போதாதவை என்று எனக்கு உணர்த்தியவர் மூவாரில் வசித்த ஒரு நேயர்.

2013, ஜூன் 23. ஞாயிற்றுக்கிழமை. வானொலிக்கு நான் புதிது என்பதால் யாரும் விரும்பாத வார இறுதிக் காலை நேரம் எனக்கு. அன்று காலை மூவாரில் குறியீடு 746. தாளைப் பார்த்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். உறுதி செய்துகொண்டு வாசித்தேன். மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசர நிலை என்ற அறிவிப்பும் அன்றே வந்தது. வழக்கமான அறிவுரையைச் சொல்லி முடித்தபோது ஓர் அம்மா அழைத்தார். நான்கு வயது மகனுக்கு இளைப்பு.

“தம்பி, ஜன்னலை மூடச் சொன்னீங்க, மூடிட்டேன். கதவு இடுக்குல ஈரத்துணியும் வச்சிட்டேன். புள்ளைக்கு இன்னும் இழுக்குது. இனிமே எதைத் தம்பி மூடுறது?”

உடனே மருத்துவமனைக்குப் போகும்படி சொன்னேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அடுத்த வாரம் அவரே அழைத்து, பையன் தேறிவிட்டான், காற்று திசை மாறிவிட்டது என்றார். ஆனால் அவருடைய கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. மூவாரில் மூடுவதற்கு வேறெதுவும் இல்லை என்பதுதான் அதற்கு உண்மையான பதில். மூட வேண்டியது, அணைக்க வேண்டியது எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

தூரம் என்பது என்ன?

ஊடகத் துறைப் பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே ஒரு பாடம் உண்டு. அருகில் நடப்பது பெரிய செய்தி, தூரத்தில் நடப்பது சிறிய செய்தி. கிள்ளானில் ஒரு கடை எரிந்தால் முதல் செய்தி. வேறொரு நாட்டில் ஒரு காடு எரிந்தால் கடைசிச் செய்தி. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன்.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மலாக்காவிலிருந்து சுமத்ராவின் டுமாய் துறைமுகம் நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பயணிகள் படகு போய்வரும் தூரம் அது. ரியாவ் மாநிலத் தலைநகரான பெக்கான்பாரு சுமார் 200 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு இதைவிட அதிக தூரம். குடிநுழைவுத் துறையின் முத்திரை இல்லாமல் நாம் அந்தக் கரைக்குப் போக முடியாது. புகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது நேரே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1997-இல் எல் நினோவின் வறட்சியில் சுமத்ராவும் களிமந்தானும் எரிந்தபோது எனக்கு எட்டு வயது. கூச்சிங்கில் குறியீடு 800-ஐத் தாண்டி, சரவாக்கில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அதே செப்டம்பரில் மேடான் அருகே அடர்ந்த புகைக்கு நடுவே இறங்க முயன்ற விமானம் விபத்துக்குள்ளாகி 234 பேர் இறந்தார்கள். தீயை அணைக்க நம் தீயணைப்பு வீரர்கள் சுமத்ராவுக்கே போனார்கள். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டியது. கோலசிலாங்கூர்தான் என் ஊர். இடைநிலைப்பள்ளி மாணவனாக இருந்த எனக்கு அவசர நிலை என்றால் பள்ளி விடுமுறை. வீட்டில் பாட்டிக்கு அது இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்குவது. படுத்தால் இருமல் விடாது. நாங்கள் முறை வைத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தோம்.

அதன் பிறகு 2013. அதன் பிறகு 2015. பிறகு 2019. மீண்டும் 2023. ஒவ்வொரு முறையும் அமைச்சர்கள் கடிதம் எழுதினார்கள், தூதரகங்கள் பேசின, மழை பெய்தது. மழை பெய்ததும் எல்லாரும் மறந்தோம்.

எரிவது மரம் மட்டுமன்று

இந்தப் புகை ஏன் மற்றக் காட்டுத் தீயைப் போல் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, அங்குள்ள மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாய்மொழியில் தானா காம்புட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் இலையும் சதுப்பு நீரில் விழுந்து, முழுவதும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிமண் நிலம் அது. இயல்பான நிலையில் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். நனைந்த பஞ்சைப் போல் இருக்கும். அது தானாக எரியாது.

அந்த நிலத்தில் செம்பனையோ, காகிதக் கூழுக்கான மரமோ நட வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். அதற்காகக் கால்வாய் வெட்டுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் மண் காய்கிறது. காய்ந்த கரிமண் ஏறக்குறைய விறகு. அதில் தீப்பிடித்தால் நெருப்பு மேலே மட்டும் எரியாமல் பூமிக்குள் இறங்கிக் கனன்றுகொண்டே போகும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணைந்ததுபோல் இருக்கும். நான்கு நாள் கழித்து வேறோர் இடத்தில் புகையும். ஹெலிகாப்டரில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டும் படங்களை நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். உண்மையில் அந்தத் தீயை அணைப்பது பெரும்பாலும் தொடர்மழைதான்.

ஆக, இந்தப் புகையைத் தடுக்க வேண்டிய நேரம் தீப்பிடித்த பிறகு வருவதன்று. மண் ஈரமாக இருக்கும்போதே அது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றவை எல்லாம் இதிலிருந்து வருபவை.

காக்காக் சொன்னது

எங்கள் வானொலிக் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்த ஒரு பெண்மணி ஜாம்பியைச் சேர்ந்தவர். எல்லாரையும் போல் நானும் அவரைக் காக்காக் என்றுதான் கூப்பிடுவேன். 2019 செப்டம்பரில் நம் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, அவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். நண்பகல் நேரம். ஆனால் வானம் முழுவதும் இரத்தச் சிவப்பு. முவாரோ ஜாம்பி மாவட்டத்தில் எடுத்தது. புகைத் துகள்கள் சூரிய ஒளியைச் சிதறடித்ததால் அந்த நிறம் என்று பின்னர் அறிவியலாளர்கள் விளக்கினார்கள். காக்காக்கின் தங்கை பிள்ளைகளோ கியாமத் நாள் வந்துவிட்டது என்று அழுதார்களாம்.

எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. அன்று காலைதான் இருமிக்கொண்டே நிகழ்ச்சி செய்திருந்தேன். “உங்க ஊர்ல ஏன் காக்காக் இப்படிக் கொளுத்துறாங்க?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “டேக், உங்களுக்குப் புகை வரும், போயிடும். எங்களுக்கு வீட்டுலேயே இருக்கும்,” என்றார். பிறகு கணக்குச் சொன்னார். அவருடைய அண்ணனுக்கு இரண்டு ஹெக்டர் நிலம். பழைய ரப்பர் மரங்களை எடுத்துவிட்டுச் செம்பனை நட வேண்டும். மண்வாரி இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் ஒரு நாள் வாடகையே அவருடைய ஒரு மாத வருமானத்தைத் தின்றுவிடும். தீக்குச்சிப் பெட்டிக்கு அந்தச் செலவு இல்லை. முன்பும் கொளுத்தினார்கள், ஆனால் மண் ஈரமாக இருந்ததால் தீ ஓரிடத்தில் நின்றது. பக்கத்தில் பெரிய தோட்டம் வந்து கால்வாய் வெட்டிய பிறகு கிணறே வற்றிவிட்டது. இப்போது வைக்கும் தீ நிற்பதில்லை.

“அந்தப் பெரிய தோட்டம் யாருடையது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “ஆபீஸ் இங்கதான் எங்கேயோ இருக்குன்னு சொல்வாங்க,” என்று ஜன்னலுக்கு வெளியே கோலாலம்பூர் கட்டடங்கள் இருந்த திசையில் கையைக் காட்டினார்.

அவர் சொன்னது வெறும் பேச்சன்று. அதே மாதம் தீ தொடர்பில் இந்தோனேசிய அரசு நடவடிக்கை எடுத்த தோட்டங்களில் மலேசிய, சிங்கப்பூர் நிறுவனங்களோடு தொடர்புடையவையும் இருந்தன. குற்றச்சாட்டு வேறு, நிரூபணம் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் புகை அந்தக் கரையிலிருந்து வருகிறது, பாதிப்பு இந்தக் கரையில் என்ற நேர்க்கோடு அன்றோடு என் மனத்தில் கலைந்துவிட்டது. முதலீடு இந்தக் கரையிலிருந்து போகிறது. இலாபம் திரும்பி வருகிறது. எண்ணெய் உலகம் முழுக்கப் போகிறது. சோப்பிலும், பிஸ்கட்டிலும், நம் வீட்டு முறுக்குச் சட்டியிலும் இருப்பது செம்பனை எண்ணெய்தான். ஒரு கிலோ பாக்கெட் 2 ரிங்கிட் 50 காசுக்குக் கிடைக்கும்போது அது எந்த மண்ணில் விளைந்தது என்று நாம் யாரும் கேட்பதில்லை.

தோட்டத்தையே குற்றவாளியாக்கவும் எனக்கு மனமில்லை. தோட்டப்புறத்தில் பிறந்து, அந்தச் சம்பளத்தில் படித்து முன்னேறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! எரிக்காமல் நிலத்தைத் தயார் செய்யும் முறை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. பெரிய தோட்டங்களால் அது முடியும். சிறு விவசாயியால் முடியாததற்குக் காரணம் பணம். கண்ணெதிரே இருக்கும் இந்தச் சிறிய உண்மையைத்தான் பெரிய மாநாடுகள் அடிக்கடி தாண்டிப் போய்விடுகின்றன.

2015-இல் இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டர். இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்தப் பருவத்தின் பல நாள்களில், அமெரிக்கப் பொருளாதாரம் முழுவதும் ஒரு நாளில் வெளியிடும் கரியமில வாயுவைவிட அதிகமான அளவு அந்தத் தீயிலிருந்து வெளியானது. பசிபிக் கடல் சூடாவதால் எல் நினோ வருகிறது; எல் நினோவால் இங்கே மண் காய்கிறது; காய்ந்த மண் எரிவதால் உலகம் இன்னும் சூடாகிறது. மூவாரில் ஒரு குழந்தைக்கு வந்த இளைப்பும் பசிபிக் கடலின் வெப்பமும் ஒரே சங்கிலியில் இருக்கின்றன. இதில் ஒரு கண்ணியை மட்டும் ஒரு நாடு தனியாகப் பிடித்து இழுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால்...

எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002 ஜூன் 10-ஆம் நாள் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே நடப்புக்கு வந்தது. ஆனால் தீ அதிகம் எரியும் இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொள்ள 2014 வரை ஆனது. 12 ஆண்டுகள். அந்த ஒப்பந்தம் தகவல் பரிமாற்றத்தையும் ஒத்துழைப்பையும் பற்றி நிறையப் பேசுகிறது. மீறினால் என்ன தண்டனை என்று பேசவில்லை. ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்பது ஆசியானின் பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான், புகை மட்டும் அதற்குக் கட்டுப்படுவதில்லை.

சிங்கப்பூர் 2014-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் தீ வைத்து, அதன் புகையால் சிங்கப்பூரைப் பாதிக்கும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் வெள்ளி வரை, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம். துணிச்சலான சட்டம். ஆனால் எந்த நிலம் யாருடையது என்ற நம்பகமான வரைபடமும், அந்த நாட்டின் ஒத்துழைப்பும் இல்லாமல் நீதிமன்றத்தில் எதை நிரூபிப்பது? நம் நாட்டிலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசினோம். 2023-இல் அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2020-க்குள் புகையில்லா ஆசியான் என்று ஓர் இலக்கு வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுக்குச் சரியாக ஓராண்டுக்கு முன்புதான் ஜாம்பியின் வானம் சிவந்தது.

2015-இல் அப்போதைய இந்தோனேசியத் துணை அதிபர் யூசுப் கல்லா சொன்ன ஒரு கருத்து இங்கே பெரிய கோபத்தைக் கிளப்பியது. பதினொரு மாதம் எங்களிடமிருந்து வரும் நல்ல காற்றைச் சுவாசிக்கிறீர்கள், அதற்கு நன்றி சொன்னதில்லை. ஒரு மாதப் புகைக்கு இவ்வளவு கோபமா என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். அதை வானொலியில் வாசித்த அன்று எங்கள் தொலைபேசி ஓயவில்லை. அழைத்தவர்கள் பயன்படுத்திய சில சொற்களை ஒலிபரப்ப முடியாது.

அவருடைய வாதம் சரியென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. நல்ல காற்றுக்கு நன்றி கேட்பது வேடிக்கை. ஆனால் அந்தப் பதினொரு மாதம் என்ற கணக்கு மட்டும் எனக்கு மறக்கவில்லை. நாமும் அந்த ஒரு மாதத்தைத்தான் பேசுகிறோம். பதினொரு மாதங்களைப் பற்றி இரு கரையிலும் யாரும் பேசுவதில்லை. மண் ஈரமாக இருப்பதும், கால்வாயை அடைக்க முடிவதும், விவசாயிக்கு மாற்று வழி காட்ட நேரம் இருப்பதும் அந்த மாதங்களில்தான்.

செய்து பார்த்திருக்கிறோம்

இது கனவன்று. 2007-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் சிங்கப்பூர், ஜாம்பி மாநிலத்தோடு சேர்ந்து வேலை செய்தது. இடம் அதே முவாரோ ஜாம்பி மாவட்டம். எரிக்காமல் நிலம் தயார் செய்யப் பயிற்சி, காற்றையும் வானிலையையும் அளக்கும் நிலையங்கள், சதுப்பு நிலத்து மக்களுக்கு மீன் வளர்ப்பு என்று பலவும் அதில் இருந்தன. மீன் வளர்ப்பு ஏன் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. தண்ணீரை வடிக்காமலேயே அந்த நிலத்தில் பிழைக்க முடியும் என்றால், அதை வடிக்க வேண்டிய அவசியமே குறைகிறது. மலேசியாவும் அதுபோல் ரியாவ் மாநிலத்தோடு சேர்ந்து பணியாற்றியது. நல்ல தொடக்கங்கள். ஆனால் அவை சிறியவை. நீண்ட நாள் தொடரவில்லை.

2015-இன் பேரழிவுக்குப் பிறகு இந்தோனேசியாவே கரிமண் நிலத்தை மீட்க ஒரு தனி அமைப்பை 2016-இல் உருவாக்கியது. 20 லட்சம் ஹெக்டர் நிலத்தை மீண்டும் ஈரமாக்குவது அதன் இலக்கு. கால்வாய்களில் தடுப்புகள் கட்டினார்கள். கரிமண் தோட்டங்களில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. எங்கோ இருக்கும் நார்வே இதற்கு நிதி கொடுக்க முன்வந்தது. புகை ஒஸ்லோவுக்குப் போகவில்லை. இருந்தாலும் அவர்கள் காலநிலைக் கணக்கைப் பார்த்தார்கள். புகை நேரே வந்து இறங்கும் நாம் எவ்வளவு கொடுத்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

உலகம் ஒன்றுசேர்ந்து ஒரு சிக்கலைத் தீர்த்ததே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிவதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1987-இல், மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரே குப்பிகளிலும் இருந்த சிஎப்சி வாயுக்களைப் படிப்படியாக நிறுத்த நாடுகள் ஒப்புக்கொண்டன. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. ஓசோன் படலம் அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும், உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்று 2023-இல் வெளியான ஐ.நா. ஆதரவு பெற்ற மதிப்பீடு கூறியது.

அந்த ஒப்பந்தம் ஏன் வென்றது என்று படித்தபோது மூன்று காரணங்கள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, வளரும் நாடுகளுக்கு மாறிக்கொள்ளக் கூடுதல் காலமும், அதற்கான செலவுக்கு ஒரு பொது நிதியும் கொடுத்தார்கள். இரண்டு, உள்ளே வராதவர்களோடு அந்தப் பொருள்களை வணிகம் செய்வதில்லை என்று கட்டுப்பாடு வைத்தார்கள். மூன்று, யார் எவ்வளவு தயாரிக்கிறார்கள், பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்றார்கள். உதவி, கட்டுப்பாடு, கணக்கு. நம் ஆசியான் ஒப்பந்தத்தில் இம்மூன்றுமே பலவீனம்.

ஓசோன் சிக்கலைவிட நம்முடையது கடினமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிஎப்சி தயாரித்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகள். இங்கே தீக்குச்சி உரசுவது காக்காக்கின் அண்ணனைப் போன்ற எண்ணற்ற கைகள். ஆனால் அதனால்தான் உதவி இன்னும் முக்கியமாகிறது. ஒரு கிராமத்துக்கு ஒரு மண்வாரி இயந்திரம் என்பது, ஒரு முறை பள்ளிகளையும் விமான நிலையங்களையும் மூடும் செலவுக்கு முன்னால் பெரிய தொகையாக இருக்காது.

நம் பக்கம்

2019 புகை அடங்கிய பிறகு, மழைக்காலத்தில் இது பற்றிப் பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்று செய்யலாம் என்று கேட்டேன். “வானம் நீலமா இருக்கும்போது யாரு கேப்பா?” என்றார் தயாரிப்பாளர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் விடாமல் கேட்டதில் ஒரு நாள் இடம் கிடைத்தது. அழைத்தவர்கள் மூன்றே பேர். அதில் ஜொஹான் செத்தியா பக்கம் லாரி ஓட்டும் ஓர் அண்ணன் சொன்னார்: “இந்தோனேசியா இருக்கட்டும் தம்பி. எங்க பக்கத்துலயே கரிமண்ணு வருசா வருசம் எரியுது. அதை யாரு கேக்குறது?”

அவர் சொன்னது சரி. கிள்ளானை அடுத்த ஜொஹான் செத்தியாவிலும், கோலசிலாங்கூர் அருகே ராஜா மூசா வனப்பகுதியிலும், மிரி பக்கத்திலும் நம் கரிமண் நிலமும் எரிந்திருக்கிறது. திறந்தவெளியில் எரிப்பது இங்கே சட்டப்படி குற்றம். இருந்தும் எரிகிறது. அண்டை வீட்டுக்காரரிடம் பேசப் போகுமுன் நம் கொல்லையைப் பார்ப்பது பேச்சுக்கு மரியாதை தரும். நம் நிலத்தின் நீர்மட்டத்தையும், நம் நிறுவனங்கள் வெளிநாட்டில் வைத்திருக்கும் தோட்டங்களின் வரைபடத்தையும் நாம் முதலில் வெளியிட்டால், அங்கேயும் வெளியிடச் சொல்லும் உரிமை நமக்கு வரும்.

சாதாரண மனிதர்களாகிய நாம் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்கலாம். ஆசியான் மேசையில் நமக்கு நாற்காலி கிடையாது. ஆனால் நம் நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார். புகை வந்த பிறகு பள்ளியை எப்போது மூடுவீர்கள் என்று கேட்பதோடு, புகை இல்லாதபோது ரியாவோடும் ஜாம்பியோடும் என்ன வேலை நடக்கிறது, அதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்றும் அவரிடம் கேட்கலாம். ஊழியர் சேமநிதியில் நம் பணம் இருக்கிறது. அது தோட்ட நிறுவனங்களில் முதலீடு செய்யப்படும்போது தீயைப் பற்றி என்ன நிபந்தனை என்று கேட்கலாம். சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் வானிலை மையம் செயற்கைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளைப் பொதுவில் வெளியிடுகிறது. வறட்சி தொடங்கும்போதே அதைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

காக்காக் இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். எப்போதாவது குறுஞ்செய்தி அனுப்புவார். கடைசியாக அனுப்பிய படத்தில், அவர் கிராமத்துக் கால்வாயில் மரக்கட்டைகளால் கட்டிய தடுப்பு ஒன்று இருந்தது. அதன் பின்னால் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. பக்கத்தில் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள். இரண்டு கட்டைகள் உளுத்துவிட்டன, அடுத்த வறட்சிக்குள் மாற்ற வேண்டும், பணம் யார் தருவார்கள் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

அந்தப் படத்தை இந்த மழைக்கால நிகழ்ச்சியில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இம்முறை இருபது நிமிடம் கேட்டிருக்கிறேன். வானம் நீலமாகத்தான் இருக்கும். முடிந்தால் அழையுங்கள்.